ஞாயிற்றுக்கிழமை ஆவி

சலவை ஆலையின் வாசலில் காவலாளி அவளைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார். அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தார். முதலாளி கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தைக் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கூண்டுக்குள் போய் யாருக்கோ போன் செய்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசிவிட்டு வந்தார்.

"ஆபீஸுக்குப் போலாமாம். பாய்லர் ரூம் பக்கம் மட்டும் போகக் கூடாதாம்."

"யார் சொன்னாங்க?"

"மெயின்டனன்ஸ் சார்."

அந்த மெயின்டனன்ஸ் சார் வேறு யாருமில்லை, அவளுடைய அக்காவின் கணவர். பதினாறு வருடமாக அவள் அத்தான் என்று கூப்பிட்டுவரும் மனிதர். இரண்டு நாளுக்கு முன்பு அவர் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோதுதான், அடுத்த வேலை உங்கள் ஆலையில் என்று அவள் சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அக்கா அவர் விட்டுப்போன தட்டைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள். "உங்க ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

வேறு ஆள் இல்லைதான். மொத்தமே நான்கு பேர் உள்ள அலுவலகம். உறவு விஷயத்தை அவள் முன்கூட்டியே ஆலை முதலாளியிடம் சொல்லியிருந்தாள். "நல்லதாப் போச்சு. உள்ளயே உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் துணை" என்றார் அவர். துணை வாசலிலேயே வரவேற்றுவிட்டது.

அவளுடைய தொழில் இதுதான். ஒரு நிறுவனத்துக்குள் போய், மின்சாரமும் எரிவாயுவும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்வது பாதி வேலை. அவை ஏன் வீணாகின்றன, யார் எதற்குப் பயந்து எதை அணைக்காமல் விடுகிறார், யாரைக் கேட்காமல் யார் எதை முடிவு செய்கிறார் என்று கண்டுபிடித்து, அந்த நடைமுறையை மாற்றவைப்பது மீதிப் பாதி. முதல் பாதியை மீட்டர் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது பாதியில்தான் திட்டு வாங்க வேண்டியிருக்கும். பதினோரு வருடத்தில் அவள் வண்டி வண்டியாக வாங்கியிருந்தாள்.

அந்த ஆலை மூன்று மருத்துவமனைகளின் துணிகளைத் துவைத்துக் கொடுத்துவந்தது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி, நோயாளிகளின் அங்கி என்று தினமும் லாரி லாரியாக வரும். மூன்றில் பெரிய மருத்துவமனை புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஒரு கிலோ துணி துவைக்க எவ்வளவு கார்பன் காற்றில் போகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும், அது வருடா வருடம் குறைய வேண்டும். இல்லையென்றால் வேறு ஆலையைப் பார்த்துக்கொள்வார்கள். முதலாளிக்குக் காற்றைப் பற்றிப் பெரிய கவலை எதுவும் இல்லை. மருத்துவமனையைப் பற்றி இருந்தது.

துவைக்கும் கூடம் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதி இருக்கும். ஒரு சுவரோரம் ஆளுயரத்துக்கு மேலான சலவை இயந்திரங்கள், எதிர்ச் சுவரோரம் பன்னிரண்டு உலர்த்திகள், நடுவில் ஈர விரிப்பை ஒருபக்கம் விழுங்கி மறுபக்கம் தேய்த்துத் துப்பும் நீளமான உருளை. எல்லாவற்றுக்கும் சூடு பாய்லரிலிருந்து குழாய் வழியாக ஆவியாக வந்தது. பேசுவதென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். ஆனால் அவள் உள்ளே காலெடுத்து வைத்த நாளன்று யாரும் கத்தவும் தயாராக இல்லை. அவள் ஒரு மேசைக்குப் போனால் அங்கே இருந்த இரண்டு பெண்களும் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். அங்கே போனால் அடுத்ததற்கு.

முதல் வாரத்திலேயே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'சுவிட்சக்கா'. அவள் தாண்டிப் போகும்போது யாராவது விளக்கை அணைத்துவிட்டு, "சுவிட்சக்கா வந்தாங்கல்ல, சிக்கனம்" என்பார்கள். கூடம் சிரிக்கும். உலர்த்திகளில் அவள் மாட்டிவைத்த சின்ன அளவுக் கருவிகள் மதியத்துக்குள் கழன்று கிடக்கும். தானாக விழுந்ததாம். ஒருநாள் அவள் உட்காரும் நாற்காலியில், துவைக்காத துணி மூட்டை ஒன்று, மருத்துவமனை வாடையோடு வீற்றிருந்தது. அவள் கையுறை போட்டு அதைத் தூக்கிக்கொண்டுபோய் உரிய தொட்டியில் போட்டுவிட்டு வந்து, நாற்காலியைத் துடைத்து, உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். புகார் சொன்னால் அதுவே அவர்களுக்கு வெற்றி என்பது அவளுக்குத் தெரியும்.

கூடத்தின் சூப்பர்வைசர் நாற்பத்தைந்து வயதுப் பெண், குரல் கரகரத்தவர். அவர்தான் நேரடியாகக் கேட்டார்.

"சுத்தி வளைக்காம சொல்லும்மா. எத்தன பேர வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?"

"ஒருத்தரையும் இல்ல. அது என் வேலை இல்ல."

"போன தடவ வந்த கோட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு. ஒம்போது பேரு போனாங்க. உன் அத்தானுக்குக் கீழயும் ரெண்டு ஆள் கம்மியாச்சு, கேட்டுப் பாரு."

"இத்தனை உலர்த்தியையும் ஏன் காலையில ஒரே நேரத்துல போடுறீங்க? துணி வரவே முக்கால் மணி நேரம் ஆகுதே."

"துணி வந்து நின்னு மெஷின் சூடாகலன்னா யார் கழுத்துக்குக் கத்தி? உனக்கா? எனக்கு. நான் போட்டுத்தான் வைப்பேன்."

அந்தப் பதிலை அவள் அன்றே தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். இதே பதில் வேறு வேறு வாய்களில் அவளுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. காற்றழுத்தக் குழாயில் பதினேழு இடத்தில் கசிவு. எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதித் தருவதில்லை, எழுதினவன் தலையில்தான் அது விடியும் என்பதால். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதல்ல அங்கே கேள்வி. மணி கட்டியவனைப் பிடித்துப் பூனையிடமே கொடுத்துவிடுவார்கள்.

ஒரு வருட மீட்டர் கணக்கை விரித்துப் பார்த்தபோது ஒரு எண் அவள் கண்ணில் குத்தியது. வேலை நாளில் நூறு பங்கு எரிவாயு எரிந்தால், ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காத ஞாயிற்றுக்கிழமையில் முப்பத்தெட்டுப் பங்கு எரிந்திருந்தது. எல்லா ஞாயிறும் அப்படியே.

அடுத்த ஞாயிறு நண்பகலில் முதலாளியிடம் தனியாக அனுமதி வாங்கி உள்ளே போனாள். ஆளில்லாத கூடம் ஒரு மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் ஓடியது. ஆவிக்குழாயில் கை வைக்க முடியவில்லை. உருளையின் மேலே, தேய்க்கத் துணி இல்லாமல், காற்று கானலாக நெளிந்தது. ஏதோ ஒரு இணைப்பிலிருந்து ஆவி சீறி வீணாகிக்கொண்டிருந்தது, கேட்பாரில்லாமல்.

பாய்லர் அறையில் ஒரு மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுத்த மானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டியவர். ஆலையில் எல்லோரும் அவரை 'ஆவி' என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆவி வந்தாச்சா?" என்று காலையில் கேட்டால் அது நீராவியா, இவரா என்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

"இங்க வரக் கூடாதுன்னு சொல்லலையா உங்களுக்கு?" என்றார் திரும்பாமலே.

"முதலாளி சொல்லித்தான் வந்தேன். இன்னைக்கு எதுக்குண்ணே பாய்லர் எரியுது?"

"எரியச் சொல்லியிருக்கு. எரியுது."

"யார் சொன்னது?"

அவள் கதவருகே கவிழ்ந்து கிடந்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், அவளை விரட்ட வேறு வழி இல்லை என்று பட்டதாலோ என்னவோ, அவரே பேசினார்.

"முன்னல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் நான் அணைச்சுருவேன். யாரும் சொல்லல, எனக்கே தோணிச்சு. எரியுறத வெறுமன பாத்துட்டு இருக்க மனசு வரல. மூணு வருஷத்துக்கு முன்ன ஒரு திங்கக்கிழமை பர்னர் மக்கர் பண்ணுச்சு. ஒரு மணி நேரம் லேட்டு. ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. என்னை ஏழு நாள் வெளிய நிறுத்துனாங்க."

"ஏழு நாளா?"

"ஏழு நாள் பெருசில்ல. கேன்டீன் பலகையில தாள் ஒட்டுனாங்க. என் பேரு, என் நம்பரு, 'பொறுப்பின்மை'ன்னு ஒரு வார்த்த. ஒரு மாசம் கிழிக்காம அப்படியே இருந்துச்சு. என் மக இங்க பேக்கிங்ல இருக்கா. தினமும் அதுக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டா." அவர் மானியைத் துணியால் துடைத்தார். "அன்னையிலேருந்து நான் எதையும் அணைக்கிறதில்ல. உலகமே எரிஞ்சாலும் அணைக்க மாட்டேன்."

"தாள்ல யார் கையெழுத்து?"

அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நட்பு துளியும் இல்லை.

"உங்க வீட்டுலதான் இருக்காரு. போய்க் கேளுங்க."

அன்று மாலையே அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் முன்னறையில் மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்.

"பாய்லர்காரன் கிட்ட என்ன கிண்டுன?"

"ஞாயிற்றுக்கிழமை ஏன் எரியுதுன்னு கேட்டேன்."

"எரியலன்னா திங்கக்கிழமை என்ன ஆகும்னு கேட்டியா?"

"கேட்டேன் அத்தான். ஏழு நாளும் ஒரு தாளும்னு சொன்னார்."

அத்தான் எண்ணெய்க் குப்பியைத் தரையில் வைத்தார். "நீ வருவ. மூணு மாசம் இருப்ப. அளப்ப, எழுதுவ, போயிருவ. நான் அங்க இருபத்திரெண்டு வருஷம். எனக்கு மேல இருக்கவன் கையெழுத்துப் போடுடான்னா போடணும். இல்லன்னா என் பேரு அந்தப் பலகையில வரும். உன் அக்காவும் ரெண்டு பிள்ளைகளும் எங்க போவாங்க, உன் வீட்டுக்கா?"

"நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல."

"நீ வந்ததே குத்தம்தான்" என்றார்.

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கைக்குக் காபி போடட்டுமா என்று அன்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் அவள் முதலாளியின் அறையில் போய் உட்கார்ந்தாள். எண்ணைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் இதுக்குப் பொறுப்பு? பேரைச் சொல்லுங்க" என்றார்.

"பேர் வேண்டாம். பேரைக் கேட்டுக்கேட்டுத்தான் இந்த நிலைமை. இங்க அணைச்சவன் மாட்டிக்கிறான். எரியவிட்டவனை யாரும் ஒண்ணும் கேக்கிறதில்ல. பயந்தவங்க எல்லாரும் எரியவிடத்தானே செய்வாங்க?"

"பாடம் எடுக்காதீங்க. என்ன வேணும்?"

"ஒரு கடிதம். ஆறு வாரத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பாய்லர், மெயின் வால்வு, கம்ப்ரசர் எல்லாத்தையும் நிறுத்துறோம். திங்கக்கிழமை முன்னாடியே வந்து மெதுவா ஏத்துறோம். அந்த ஆறு வாரத்துல எத்தனை தாமதமானாலும் எந்தத் தொழிலாளி மேலயும் நடவடிக்கை இல்ல, யார்னு விசாரணையும் இல்ல. உங்க கையெழுத்தோட, கேன்டீன் பலகையில ஒட்டணும்."

அவர் சிரித்தார். "ஆலையை உங்க கையில குடுத்துட்டு நான் தூங்கப் போகவா?"

"கடிதம் இல்லன்னா என் அறிக்கையில இந்த ஞாயிற்றுக்கிழமை எண் மட்டும் இருக்கும். மருத்துவமனை அதைப் படிப்பாங்க."

வெளிப்படையான மிரட்டல்தான். இருவருக்கும் அது தெரிந்தே இருந்தது. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார். கையில் கொடுக்கவில்லை.

கடிதம் பலகையில் ஏறியது. கேன்டீனில் ஒருவர் அதை உரக்கப் படித்தார். யாரும் கைதட்டவில்லை. "புலி பசிக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கு" என்று யாரோ சொன்னார்கள். அத்தான் கடைசியாக வந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதை இரண்டு முறை படித்தார். பிறகு சாப்பிடாமல் போய்விட்டார்.

சனிக்கிழமை மாலை, ஆவி அண்ணன் பாய்லரை அணைத்தார். மானியின் முள் இறங்குவதையே நின்று பார்த்தார். மெயின் வால்வை மூடினார்கள். கம்ப்ரசர் நின்றதும், மூன்று வருடமாக இடைவிடாமல் இரைந்த கூடத்தில் கூரையில் புறா நடக்கும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை அவள் ஏழு மணிக்குப் போனபோது ஆலையில் ஆவி ஏறவில்லை. பாய்லரில் நீர்மட்டம் குறைவு என்று பாதுகாப்புக் கருவி பர்னரை எரியவிடாமல் பூட்டியிருந்தது. பம்பு ஓடியது. தண்ணீர் வரவில்லை. ஆவி அண்ணன் நான்கு மணிக்கே வந்து, பம்பைக் கழற்றி மாட்டி, வடிகட்டியைக் கழுவி, வியர்வையில் குளித்து நின்றார். கூடத்தில் பெண்கள் கைகட்டி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப சந்தோஷமா?" என்றார் சூப்பர்வைசர். மருத்துவமனையிலிருந்து ஏழரைக்கு முதல் போன், எட்டுக்கு இரண்டாவது போன். ஆபரேஷன் துணிக் கையிருப்பு பத்து மணி வரைதான் தாங்கும்.

எட்டேகாலுக்குத்தான் ஆவி அண்ணனுக்கு அந்த வால்வு ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், உடம்பை ஒருக்களித்துத்தான் போக முடிகிற சந்தில், குழாய் போட்ட காலத்து வால்வு. கைப்பிடி எப்போதோ உடைந்துபோனது. வருடக்கணக்காக யாரும் தொட்டதில்லை. அது மூடியிருந்தது. ஸ்பானர் போட்டுத் திருப்பியதும் தண்ணீர் பாய்ந்தது. ஒன்பதரைக்கு உருளை சூடானது.

அவள் டார்ச் அடித்துச் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். வால்வின் தண்டில் துரு முழுக்கக் கறுத்திருந்தது. இப்போது திருப்பியது ஒரு பக்கம் பளிச்சென்று கீறியிருந்தது. எதிர்ப்பக்கமும் அதேபோலப் புதிதாக இன்னொரு கீறல். திறக்க ஒன்று, மூட ஒன்று.

"இந்த வால்வு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றார் ஆவி அண்ணன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "குழாய் போட்டவருக்குத் தெரியும்" என்றார். குழாய் போட்டது யார் என்று அவள் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு அத்தான் அந்த ஆலைக்குள் வந்ததே குழாய் போடத்தான்.

மெயின்டனன்ஸ் அறையில் அவர் தனியாக இருந்தார். கருவிகள் சுவரில் வரிசையாக, அளவு வாரியாக, தொங்கின. அவர் கை அப்படி. எதையும் கலைந்து கிடக்க விடாது.

"அத்தான், டேங்குக்குப் பின்னால இருக்கற வால்வு."

"இங்க என்னை அத்தான்னு கூப்பிடாத."

"மூடுனது நீங்கதானா?"

"உன் வேலை தோத்துப்போச்சு. ஒத்துக்கிட்டுக் கிளம்பு. அதான் எல்லாருக்கும் நல்லது."

பதினோரு மணிக்கு முதலாளி எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். அத்தான், ஆவி அண்ணன், சூப்பர்வைசர், அவள். யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

"பெரியாஸ்பத்திரில மூணு ஆபரேஷனைத் தள்ளி வச்சிருக்காங்க" என்றார். "வால்வு மூடியிருந்துச்சாம். பேயா வந்து மூடுச்சு?" ஆவி அண்ணனைப் பார்த்தார். "பாய்லர் ரூமுக்குப் பொறுப்பு யாரு? நீ. போன தடவையும் நீ. இந்தத் தடவையும் நீ."

"அவர் மூடல" என்றாள் அவள்.

"அப்ப யாரு?"

"யார்னு கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது தாமதத்துக்கு. இது சதி. சதிக்கு நான் கையெழுத்துப் போடல. நீங்க பேரைச் சொல்லலன்னா, இவன் போவான். ஏழு நாள் இல்ல, ஒரேயடியா."

ஆவி அண்ணன் மறுக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவர் திரும்பி அத்தானைப் பார்த்தார், அவ்வளவுதான். அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவின் முகமும் பிள்ளைகளின் முகமும் ஒரு கணம் வந்து நின்றன. அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றார் அத்தான்.

முதலாளிக்குப் புரியவில்லை. "என்ன நான்தான்?"

"வால்வை மூடுனது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தேன். வாசல் ரிஜிஸ்டர்ல என் பேர் இருக்கும், பாத்துக்கங்க." அவர் குரல் உயரவில்லை. "மூணு வருஷத்துக்கு முன்ன ஒரு மணி நேரம் லேட்டானதுக்கு இந்த ஆளை வெளிய நிறுத்துன்னு சொன்னது நீங்க. வேண்டாம் சார், பர்னர் பழசுன்னு நான் சொன்னேன். போடுய்யா கையெழுத்தைன்னீங்க. போட்டேன். அன்னையிலேருந்து இவன் என் முகத்தைப் பாத்துப் பேசல. கேன்டீன்ல நான் உக்காந்தா அந்த மேசையில யாரும் உக்காரல. இப்ப நேத்து வந்த ஒருத்தி கேட்டதும், லேட்டானா பரவாயில்லன்னு பலகையில எழுதி ஒட்டுறீங்க. அப்ப அன்னைக்கு நான் செஞ்சது என்ன சார்? நான் யாரு?"

அத்தான் ஜன்னலை விட்டுத் திரும்பி முதலாளியைப் பார்த்தார்.

"என்மேல நடவடிக்கை எடுங்க. ஆனா ஒண்ணு. எடுத்தா, அந்தக் கடிதம் பொய்னு ஆகும். எடுக்கலன்னா, இவனுக்கு அன்னைக்குக் குடுத்தது தப்புன்னு ஆகும். ரெண்டுல ஒண்ண நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் ஆவி அண்ணன் பேசினார். முதலாளியிடம் இல்லை, அத்தானிடம்.

"நீர்மட்டக் கட்ஆஃப் வேலை செய்யும்னு நம்பி மூடுனீங்க."

"போன மாசம் நானே செக் பண்ணது."

"செய்யாமப் போயிருந்தா? தண்ணியில்லாத பாய்லரு. அந்த ரூம்ல நான்தான் நின்னுருப்பேன். உங்களுக்கு இவங்க மேல கோவம். முதலாளி மேல கோவம். வெடிச்சிருந்தா செத்திருக்கறது நான்."

அத்தானின் முகம் அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்துபோனது. அவர் அதை யோசித்திருக்கவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவத்தில், எது எங்கே நிற்கும் என்று எல்லாவற்றையும் யோசித்த மனிதர், அந்த அறையில் யார் நிற்பார் என்பதை யோசிக்காமல் விட்டிருந்தார். "தப்புத்தான்" என்றார். சத்தம் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

முதலாளி வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நியாயம் உதித்துவிட்டது என்று சொல்ல முடியாது. அத்தானை அனுப்பிவிட்டால் அந்த ஆலையின் குழாய்களைத் தெரிந்த ஆள் வேறு இல்லை. ஆவி அண்ணனை அனுப்பினால் பாய்லருக்கு உரிமம் உள்ள ஆள் இல்லை. அவளை அனுப்பினால் மருத்துவமனைக்குக் காட்டத் தாள் இல்லை. "எல்லாரும் போய் வேலையைப் பாருங்க" என்றார் கடைசியில்.

அவள் போகவில்லை. மேலும் இரண்டு விஷயங்களை அங்கேயே நின்று கேட்டு வாங்கினாள். பாதுகாப்பைத் தொட்டு விளையாடியதற்கு அத்தானுக்கு எழுத்துமூலமான எச்சரிக்கை. தாமதம் வேறு, ஆபத்து வேறு, இரண்டையும் ஒரே கடிதத்தில் மூட முடியாது என்றாள். இரண்டாவது, மூன்று வருடத்துக்கு முந்தைய தண்டனை ரத்து என்று பலகையில் ஒரு தாள். முதலாளி முதலாவதற்கு உடனே தலையாட்டினார். இரண்டாவதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். தாள் ஒட்டப்பட்டது. ஆவி அண்ணனின் மகள் அதைப் பார்த்தாள், தன் டிபனை எடுத்துக்கொண்டு பலகைக்குக் கீழிருந்து வேறு மேசைக்குப் போனாள்.

சந்துக்குள் இருந்த வால்வை அத்தானே அறுத்தெடுத்தார். அன்று ஆவி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாராம். அவள் ஆவி அண்ணனிடம் விசாரித்தபோது அவர், "கேட்டாரு. காதுல வாங்கிக்கிட்டேன். மனசுல வாங்கிக்கிட்டேன்னு நான் சொல்லல" என்றார்.

ஆறு வாரம் முடிந்தபோது ஞாயிற்றுக்கிழமை எண் முப்பத்தெட்டிலிருந்து ஆறாக இறங்கியிருந்தது. அதன் பிறகு இரண்டு திங்கட்கிழமைகள் தாமதமாயின, ஒன்று இருபது நிமிடம், இன்னொன்று நாற்பது. யார் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள், காரணம் கிடைத்தது, சரிசெய்தார்கள். சூப்பர்வைசர் உலர்த்திகளை மூன்று மூன்றாகப் போடத் தொடங்கினார். "நீ சொன்னதுக்காக இல்ல, எனக்கே வெக்கை தாங்கல" என்று அவளிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். கசிவுப் பட்டியல் முதல்முறையாக எழுத்தில் வந்தது. பதினேழு என்று அவள் எண்ணியிருந்தாள், அவர்கள் முப்பத்தொன்று எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவமனை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. முதலாளி அதற்காக வைத்த விழாவில் தன் தொலைநோக்கைப் பற்றிப் பேசினார்.

அத்தான் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வேலை விஷயமாகத் தேவைப்பட்டால் தாளில் எழுதி ஆவி அண்ணனிடம் கொடுத்தனுப்புவார். கேள்விகள் சரியானவையாக இருக்கும், எழுத்து அச்சுப்போல இருக்கும். அவளும் தாளிலேயே பதில் எழுதுவாள்.

அவள் ஆலையை விட்டுக் கிளம்பி ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள். பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு அவரு நான்தான்னு சொல்லலன்னா, நீ சொல்லியிருப்பியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்கா அதைத்தான் எதிர்பார்த்தாள் என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது.

"சொல்லியிருப்பேன்க்கா. அந்த மனுஷனோட வேலை போயிருக்கும்."

"உன் அத்தான் வேலை போயிருந்தா?"

"போயிருக்கும்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது.

"சரி. பிள்ளைங்க உன்னைக் கேக்குதுங்க. அவரு ஷிஃப்ட்ல இருக்கும்போது வந்துட்டுப் போ" என்றாள் அக்கா. "அவரு வீட்டுல இருக்கும்போது வராத."

அவள் சரி என்றாள். புதன்கிழமைகளில் அவருக்கு மதிய ஷிஃப்ட். அவள் புதன்கிழமைகளில் போய் வருகிறாள்.